கூதிர்காலத்துக் காயல்பட்டினம்

பண்டைத் தமிழிலக்கண நூலார் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் கரிசல்காட்டு மாணவர் எவரேனும் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் குருவிகுளத்தில் ஆவணியில் காற்றுத்தானே வீசுகிறது? மழை ஐப்பசியில் அல்லவா?" என்று வினவுவது வழக்கம். வினா நேரியதே. நூல் வகுத்த கார்காலம் சங்கரன்கோவில் வட்டாரத்திற்குப் பொருந்துவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீர்மையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரிக்கும் நாள்களில் குருவிகுளத்துக் கரிசல் வெடித்துக் கிடக்கும். எங்கள் மானாவாரி நிலத்தில் விதை விழுவதும் உளுந்தும் பருத்தியும் முளைப்பதும் கிழக்கிலிருந்து வரும் மழையை நம்பியே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது.

ஆகவே அம்மழை எவ்வழியாக வருகிறது, வரும் வழியில் கரையோர ஊர்களை என்ன செய்கிறது என்பதைக் காண விரும்புவோர் கடற்கரைக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்லத் தகுந்த ஊர் காயல்பட்டினம் என்பது என் துணிபு. கல்லூரிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் வெயிலைப் பார்த்துப் புறப்படுகின்றன. காயலை வெயிலில் பார்ப்பவர் அதன் பள்ளிவாசல்களையும் கடற்கரையையும் காண்பர். அவ்வூர் ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் காணமாட்டார்.

வழியே ஓர் இலக்கியம்

குருவிகுளத்திலிருந்து காயலுக்கு நெல்லை வழியாகவும் போகலாம்; கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகவும் போகலாம். தமிழ் படிப்போர்க்குப் பின்னதே பொருத்தம். எட்டயபுரத்தைப் பாரதியின் ஊராக அனைவரும் அறிவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேதான் என்பதை நம் மாணவர் பலர் அறியார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தில் புலவர் அரபு நாட்டை வருணிக்கும்போது மலையில் மேகம் படிகிறது, மழை பொழிகிறது, வெள்ளம் பெருகி வயல்களில் பாய்கிறது. பாலை நிலத்தில் இத்துணை மழை ஏது என்று குறைகூறுவோர் உளர். காப்பியத்துக்கு நாட்டுவளம் பாடுதல் மரபு என்று விடைகூறுவோரும் உளர். மழைக்காக வானத்தை நோக்கியே வாழ்ந்த கரிசல் மண்ணின் புலவர், தாம் போற்றும் நாட்டிற்கு எதனை அளிப்பார் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டு கூற்றுக்கும் அப்பால் ஒரு விடை கிடைக்கும்.

அந்நூலுக்கும் காயலுக்கும் நேர்த்தொடர்பு உண்டு. உமறுப்புலவர்க்கு நபிகள் நாயகத்தின் வரலாற்றை எடுத்துரைத்தவர் எனப் போற்றப்படும் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் காயலில் பிறந்து கீழக்கரையில் அடங்கியவர். பாளையங்கோட்டையில் 1971-இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஏடுகளாகச் சிதறிக் கிடந்த சீறாவைத் தேடித் திரட்டி 1842-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேற்றியவர், சேகனாப் புலவர் எனவும் புலவர் நாயகம் எனவும் வழங்கப்பெறும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். அவரும் காயலின் மைந்தரே. நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் இவ்வூரினர். எட்டயபுரத்தில் தொடங்கிக் காயலில் முடியும் இந்தப் பாதையை ஓர் இலக்கியப் பாதை எனல் மிகையாகாது.

காற்றும் சொல்லும்

முத்துக்குளித்துறை மீனவர் காற்றுகளைத் திசைக்கொரு பெயரிட்டு அழைப்பர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இவற்றுள் வாடையும் கொண்டலும் நம் பழைய இலக்கியம் அறிந்த சொற்கள். கொண்டல் என்பது மேகத்துக்கும் பெயர், கீழ்க்காற்றுக்கும் பெயர். நீரைக் கொண்டு வருவது எதுவோ அது கொண்டல். காயல் கரையில் இவ்விரு பொருளும் வேறுவேறல்ல. வாடை மட்டும் வீசினால் இங்கே குளிர் உண்டு, மழை அரிது. காற்றுக் கிழக்கே திரும்பினால்தான் மழை.

இதற்குக் காரணம் உண்டு. வங்கக் கடலிலிருந்து வடகிழக்காக வரும் காற்று மன்னார் வளைகுடாவை அடையுமுன் இலங்கைத் தீவின்மீது கடந்து வருகிறது; தன் நீரில் ஒரு பங்கை அங்கேயே இறக்கிவிடுகிறது. அதனால் நாகப்பட்டினக் கரையில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதியே தூத்துக்குடிக் கரைக்குக் கிட்டுகிறது. இலங்கைக்குத் தெற்கிலோ குமரிக்கடலிலோ காற்றழுத்தம் தாழ்ந்து, அது கீழ்க்காற்றைத் தன்பால் ஈர்க்கும்போதுதான் இக்கரையில் பெருமழை. வராவிட்டால் வராது, வந்தால் அடங்காது என்பது இவ்வட்டாரத்து மழையின் இயல்பு.

'மான்சூன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் அரபியில் உள்ள 'மவ்ஸிம்' என்பதாகும். குறித்த காலம், பருவம் என்பது அதன் பொருள். அரபு மாலுமிகளிடமிருந்து போர்த்துக்கீசியர் கற்று, அவர்கள் வழியாக அது ஐரோப்பிய மொழிகளுள் புகுந்தது. மழை என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. கப்பல் எப்போது புறப்பட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதே அதில் அடங்கிய செய்தி. தென்மேற்குக் காற்றில் அரபுக் கரையிலிருந்து கீழ்த்திசை நோக்கி வருவதும், வடகிழக்குக் காற்றில் மேற்றிசை நோக்கி மீள்வதும் பன்னூறு ஆண்டு வழக்கம். குமரிமுனையைச் சுற்றி வரும் பெருங்கப்பல்கள் வடக்கே தொடர்ந்து செல்ல இயலாது. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே திட்டுகளும் ஆழமற்ற நீரும் வழியை மறிக்கின்றன. எனவே மன்னார் வளைகுடாவில் ஒரு துறைமுகம் இன்றியமையாததாயிற்று. அத்துறைமுகமே காயல்.

துறைமுகம் நகர்ந்த கதை

காயல் என்னும் சொல் கடலை அடுத்துள்ள கழியையும் உப்பங்கழியையும் குறிக்கும் தமிழ்ச்சொல். எகிப்தின் தலைநகரான காஹிராவோடு இதனை இணைத்துக் கூறுவோர் உளர். ஊர்ப்பற்றால் எழுந்த அவ்விளக்கத்தை மதிக்கலாம், ஏற்கவேண்டுவதில்லை. அண்டையில் பழையகாயல், புன்னைக்காயல் எனக் காயல்கள் வரிசையாக இருக்கும்போது பெயருக்குக் கடல் கடந்து செல்வானேன்?

இம்மூன்று காயல்களுக்கும் மேற்கே கொற்கை இருக்கிறது. சங்கப் புலவர் முத்துக்காகப் பாடிய பாண்டியர் துறை. தாலமியும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூலும் 'கொல்கை' எனக் குறிப்பிடும் துறை. இன்று கொற்கைக்குச் செல்வோர் வயலையும் வாழைத்தோட்டத்தையும் காண்பரேயன்றிக் கடலைக் காணார். கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. விலகச் செய்தது மழை. பொதிகையில் பெய்த மழை மண்ணை அரித்துத் தாமிரபரணியில் சேர்க்க, ஆண்டுதோறும் கூதிர்க்கால வெள்ளம் அவ்வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் குவித்தது. துறை தூர்ந்தது. கொற்கையிலிருந்து வணிகம் பழையகாயலுக்குப் பெயர்ந்தது, அதுவும் தூர்ந்தது. பேராயர் கால்டுவெல் இவ்விடங்களில் தாமே அகழ்ந்து ஆராய்ந்து, 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் இவ்வண்மையை எடுத்துரைத்தார். மார்க்கோ போலோ கண்ட காயல் பழையகாயலே என்பது அவர் முடிபு. காயல்பட்டினத்தார் அதனை ஒப்புவதில்லை. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. ஆற்றுமுகத்தை ஒட்டிய ஒரே வணிகக் கரையின் பல முகங்கள் இவை என்று கொள்வதே எனக்கு உவப்பானது.

மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்கரைக்கு வந்தார். ஹுர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பலெல்லாம் காயலில் தங்கும் என்று எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் நுட்பமாகக் கணக்குத் தருகிறார். காயல் முதலான பாண்டிய நாட்டுத் துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். கடலில் இறந்துபடும் குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தாக வேண்டும். அக்காலத்தில் பாண்டியனின் அமைச்சராக விளங்கியவர் தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான். வேற்றுச் சமயத்தாரான ஒருவரை அரசின் உயர்பொறுப்பில் அமர்த்தப் பாண்டிய மன்னர் தயங்கவில்லை என்பது நினைக்கத்தக்கது. இத்துணைப் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளுக்குச் சமைத்த உணவை ஊட்டியும், பேணும் முறை அறியாமலும் ஆண்டுதோறும் சாகவிட்டனர் என்பதனை அவ்விருவருமே வியந்து குறித்துள்ளனர். காயலில் இன்றும் பரிமார் தெரு என ஒரு தெரு உண்டு.

முத்துக்குளிப்போ இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட அமைதிக்காலத் தொழில். சித்திரையை ஒட்டிக் கடல் தெளிந்திருக்கும்போது மூழ்குவர். அத்தொழில் 1961-உடன் நின்றுபோயிற்று.

மழையில் ஊர்

கார்த்திகை மாதத்து ஒரு காலையில் மாணவர் பன்னிருவருடன் காயலுக்குச் சென்றேன். ஆறுமுகநேரியைத் தாண்டும்போதே உப்பளங்கள் மழைநீர் நிறைந்து ஏரிகளாகக் கிடந்தன. விளைந்த உப்பு குவியல் குவியலாக ஓலை வேயப்பெற்று வேலையற்று நின்றது. மழை தொடங்கினால் உப்பு விளையாது. அளத்தில் உழைப்போர்க்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இல்லை. எங்கள் ஊரில் எந்த மழையை எதிர்நோக்கி விதைப்பெட்டியைத் திறக்கிறோமோ, அதே மழைக்கு இங்கே அடுப்பு அணைகிறது. மழைக்கால உதவியாக அத்தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2022-இல் நடைமுறைப்படுத்தியது. மூன்று மாத வயிற்றுக்கு அது போதுமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். கணக்குப் போடத் தெரிந்தவர்க்கு விடை தேவையில்லை.

ஊருக்குள் மணற்பாங்கான தெருக்கள். கரிசலில் பெய்த மழை காலைப் பிடித்துக்கொள்ளும். காயலில் பெய்த மழையை மணல் குடித்துவிடும். அரைமணி நேரத் தூறல் நின்றபின் தெருவில் ஈரம் மட்டுமே மிச்சம். இவ்வாறு மணலில் இறங்கும் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் குடிக்கத்தகும் கிணறு இருப்பது இவ்வாறே. ஆண்டுமுழுதும் மிகுதியாக இறைத்தால் அவ்விடத்தை உப்புநீர் பற்றிக்கொள்ளும். கூதிர்மழைதான் அதனை மீண்டும் நிரப்பித் தருவது.

வீடுகளுக்கிடையே 'முடுக்கு' எனப்படும் குறுஞ்சந்துகள் ஓடுகின்றன. பெண்டிர் தெருவுக்கு வராமலே உறவினர் இல்லங்களுக்குச் சென்றுவர ஏற்பட்ட வழிகள் அவை. அவற்றுள் அயலார் நுழைதல் பண்பன்று என்பதை மாணவர்க்கு முன்கூட்டியே சொல்லிவைத்தேன். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடியமர்த்துவது இவ்வூர் வழக்கம். ஆதலால் வீட்டுக்கு உரியவர் பெரும்பாலும் பெண்ணே. ஆடவர் கொழும்புக்கும் கொல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்ற ஊரில் இம்முறை எத்துணைப் பாதுகாப்பாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பள்ளிவாசல்களின் உள்ளே நின்று மழையைக் கேட்டல் தனி இன்பம். பழைய பள்ளிகள் கல்லால் ஆனவை. வரிசையான கற்றூண்கள், கல் பாவிய தட்டையான கூரை. பாண்டிய நாட்டுச் சிற்பியின் உளியே இவற்றையும் செதுக்கியது என்பது தூணின் பட்டையையும் போதிகையையும் பார்த்த அளவில் விளங்கும். உருவங்கள் மட்டும் இல்லை. மதுரையிலோ நெல்லையிலோ கோயில் மண்டபத்தைக் கூர்ந்து நோக்கிய மாணவர்க்கு இங்கே எதுவும் அயலானதாகத் தோன்றாது. தொழுகை நேரத்தை விடுத்து, பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் சென்றால் மகிழ்ந்து காட்டுவர்.

நண்பகலில் நண்பரின் உறவினர் வீட்டில் விருந்து. "வாங்க தம்பி, மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க, மொதல்ல பசியாறுங்க" என்றார் அவ்வீட்டுப் பெரியவர். களறிக் கறியும் நெய்ச்சோறும் வந்தன, பின்னர்ப் புளியாணம். 'ஆணம்' என்னும் சொல்லைக் கேட்டு எங்கள் ஊர் மாணவர் ஒருவர் விழித்தார். குழம்பு என்னும் பொருளில் தமிழகராதி இச்சொல்லைத் தருகிறது. பிற இடங்களில் அகராதிக்குள் ஒடுங்கிவிட்ட சொல், முஸ்லிம்களின் அடுக்களையில் நாள்தோறும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அரபு கலந்த தமிழ் என்று இவர்கள் பேச்சைக் குறைத்துப் பேசுவோர் ஒருமுறை இவ்விலையின்முன் அமர்ந்து பார்த்தல் நன்று.

2023 மார்கழி

இவ்வளவையும் கூறிவிட்டு, அம்மழையின் மறுமுகத்தைக் கூறாது விடுதல் முறையன்று. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். இலக்கணப்படி கூதிர் கழிந்து முன்பனி பிறந்த நாள். குமரிக்கடல் பகுதியில் ஒரு காற்றுச் சுழற்சி நகராமல் நின்றது. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 946 மில்லிமீட்டர். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62. மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையினும் மிகுதியானது காயலில் ஒரே நாளில் பொழிந்தது. சென்ட் கணக்கில் சொன்னால் நம்மவர்க்கு விளங்கும்: ஒரு சென்ட் நிலத்தில் 38,000 லிட்டருக்குமேல் நீர். மணல் எவ்வளவு குடிக்கும்?

வானத்து நீர் போதாதென்று மேற்கிலிருந்து தாமிரபரணியின் வெள்ளமும், உடைந்த குளங்களின் நீரும் வந்தன. ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகாலும் தென்காலும் ஊட்டும் குளங்கள் கரையோரம்வரை சங்கிலியாகத் தொடர்பவை. ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழிவிடும் அரிய ஏற்பாடு அது. ஆனால் எல்லாம் ஒரே இரவில் நிறைந்தால், ஒன்றின் உடைப்பு அடுத்ததன் உடைப்பாகிவிடும். சாலைகள் அறுபட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, முன்னே தண்டவாளத்தின் அடிமண் கரைந்துபோனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களுள் 500 பேர் அளவில் இரு நாள்கள் அந்நிலையத்திலேயே சிக்கினர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த நிலையிலும், தம்மிடமிருந்த அரிசியைச் சமைத்து அவர்களுக்கு அளித்தனர். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் சில நாள்கள் தங்கிப் பசியாறியதையும் நாளிதழ்கள் எழுதின.

ஆகவே கூதிரில் காயல் செல்வோர் வானிலை அறிவிப்பைப் பொருட்படுத்துதல் வேண்டும். குமரிக்கடலிலோ இலங்கையை ஒட்டியோ தாழ்வுநிலை உருவாகியுள்ளது என்ற செய்தி வந்தால் பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை. சுற்றுலாப் பேருந்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று புறப்படுதல் கூடாது. ஐப்பசிப் பிற்பகுதியும் கார்த்திகை முற்பகுதியும், இடையிடையே வெயில் எட்டிப் பார்க்கும் நாள்களும் ஏற்றவை. கடலில் இறங்கவேண்டா; கொண்டல் வீசும் நாளில் அக்கரையின் அலை, மாசியில் நாம் கண்ட அலை அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயலிலும் கீழக்கரையிலும் பல வீடுகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் உள்ளன. அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். மார்க்கச் சட்டமும் மருத்துவமும் பாட்டும் தாலாட்டும் அவற்றில் உண்டு. தாளுக்கு ஈரமே முதற்பகை. மழைக்காலம் முடிந்ததும் பேழையைத் திறந்து வெயில்படாத காற்றில் ஏடுகளை ஆறவைக்கும் வழக்கம் முன்னோரிடம் இருந்தது. படிக்கத் தெரிந்தோர் குறையக் குறைய அவ்வழக்கமும் குறைந்துவிட்டது. பேழையைத் திறப்பவர் இல்லாத வீட்டில் ஒவ்வொரு கூதிரும் சில பக்கங்களைத் தின்கிறது. முதுகலை மாணவர் இருவர் அரபு எழுத்தைக் கற்றுக்கொண்டு, ஒரு தெருவில் எத்தனை படிகள் எந்நிலையில் உள்ளன என்று பட்டியலிட்டால் அதுவே ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். வீட்டுப் பெரியவர்கள் முதலில் தயங்குவர். இரண்டாம் முறை சென்றால் எடுத்துக் காட்டுவர். மூன்றாம் முறை அவர்களே உடனமர்ந்து படித்துக் காட்டுவதையும் கண்டிருக்கிறேன்.

இப்பணிக்கு உகந்த காலம் தை. அப்போது மழை ஓய்ந்திருக்கும். ஆறுமுகநேரியில் அளத்து நீரை இறைத்துவிட்டுப் பாத்தி மிதிக்கத் தொடங்கியிருப்பார்கள்.